மழை விட்டபின் சரியும் வெள்ளக்கரை: எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

அடைமழை விட்டு இரண்டு நாள் ஆகிறது. ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, வெயிலும் அடிக்கிறது. இனி பயமில்லை என்று மூச்சுவிடும் நேரத்தில், வெள்ளக்கரையின் பக்கத்தில் பிறை வடிவத்தில் ஒரு விரிசல் கண்ணில் படுகிறது. அதற்குக் கீழே புல்லோடு சேர்ந்து மண் ஒரு முழம் இறங்கி நிற்கிறது. அடிவாரத்தில் மண் வயிறு தள்ளியதுபோல் புடைத்திருக்கிறது. பார்த்தவுடன் பலருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: இரண்டு லாரி மண் கொண்டுவந்து பள்ளத்தில் கொட்டு, மேலே தட்டிவிடு, வேலை முடிந்தது.

அப்படிச் செய்த இடம் அடுத்த பெருமழையில் மறுபடி சரியத்தான் வாய்ப்பு அதிகம். சில நேரம், கொட்டிய மண்ணின் பாரமே மீதியையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஏன் அப்படி என்பது புரிந்துவிட்டால் எதைப் பார்ப்பது, எதைத் தொடக்கூடாது, எப்படிச் சரிசெய்வது எல்லாம் வரிசையாக விளங்கும். அதனால் காரணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் சில பெயர்கள். வெள்ளக்கரை என்பது ஆற்றை ஒட்டி மண்ணால் எழுப்பிய நீண்ட மேடு. உச்சியில் நடக்கவோ வண்டி ஓட்டவோ இருக்கும் தட்டையான பகுதி முகடு. ஆற்றைப் பார்த்த பக்கம் ஆற்றுப்பக்கம், மற்றது ஊர்ப்பக்கம். பக்கம் இறங்கித் தரையைத் தொடும் இடம் அடிவாரம். 1:3 சாய்வு என்றால் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் மூன்று மீட்டர் கிடையாக நகர்ந்திருப்போம் என்று பொருள். கோணத்தில் அது ஏறக்குறைய 18 டிகிரி. 1:2 என்றால் 26 டிகிரியைத் தாண்டும். ‘சாய்வு’ என்று நான் சொன்னால் அது கரையின் பக்கம். ‘சரிவு’ என்றால் அந்தப் பக்கம் பெயர்ந்து இறங்கிவிட்டது.

மண்ணைப் பிடித்து நிறுத்துவது எது?

பத்துப் புத்தகங்களை வரிசையாக நிற்க வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் இருபுறமும் அழுத்தித் தூக்கிப் பாருங்கள். அழுத்தம் இருக்கும்வரை நடுவில் உள்ள புத்தகம் விழாது. கையைக் கொஞ்சம் தளர்த்தினால் நழுவும். நடுவே பசை எதுவும் இல்லை. ஒன்றையொன்று அழுத்துவதால் வரும் உராய்வுதான் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. மண் துகள்களுக்கும் இதுதான் கதை. மேலே இருக்கும் மண்ணின் எடை கீழே இருக்கும் துகள்களை நெருக்கி அழுத்துகிறது. துகள்களின் இடைவெளியில் தண்ணீர் நிறைந்து அதன் அழுத்தம் ஏறும்போது, அந்தத் தண்ணீர் துகள்களை விலக்கப் பார்க்கிறது. கை தளர்கிறது. மண்ணின் பாரமோ ஈரத்தால் முன்னைவிடக் கூடியிருக்கிறது. பாரம் கூடி, பிடி குறைந்தால் இறங்கத்தானே செய்யும்.

இதைக் கணக்காக வகுத்துச் சொன்னவர் கார்ல் டெர்சாகி என்ற பொறியாளர். மண் இயந்திரவியல் தனித் துறையாக எழுந்து நின்றதற்கு 1925இல் வெளிவந்த அவருடைய நூலைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். மண்ணின் மேல் விழும் மொத்த அழுத்தத்திலிருந்து துகள்களுக்கு இடையே உள்ள நீரின் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் மண்ணின் பிடியைத் தீர்மானிக்கிறது என்பது அவர் காட்டிய உண்மை. கரைச் சரிவைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பிடி குறையும்? உராய்வை மட்டும் நம்பி நிற்கும் மண்ணில், மேற்பரப்புவரை தண்ணீர் நிறைந்து, அது சாய்வை ஒட்டியே கீழ்நோக்கி ஊறி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலையில் வழுக்காமல் தாங்கும் திறன், காய்ந்திருந்தபோது இருந்ததில் ஏறக்குறைய பாதிதான். கொஞ்சநஞ்சம் இல்லை, பாதி. காய்ந்த காலத்தில் தாராளமாக நின்ற கரைக்கு அடைமழையில் ஏன் கை நடுங்குகிறது என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும்.

களிமண்ணுக்கு இன்னொரு பிரச்சினை உண்டு. அது காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், நனைந்தால் ஊதும். வறண்ட மாதங்களில் வெடித்த வெடிப்புகள் ஒரு மீட்டர் ஆழம்கூடப் போகும், சில இடங்களில் அதற்கும் மேல். முதல் பெருமழையில் தண்ணீர் மேலே வழிந்து ஓடாமல் நேராக அந்த வெடிப்புகளுக்குள் இறங்கிவிடுகிறது. உள்ளே நிற்கும் தண்ணீர் மண்ணைப் பக்கவாட்டில் தள்ளும். ஒரு மீட்டர் ஆழ விரிசல் நிரம்பினால், கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் அரை டன் தள்ளுவிசை. ஆழம் இரண்டு மீட்டர் ஆனால் அது இரண்டு டன். ஆழம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு. விரிசலை அற்பமாக நினைக்கக்கூடாது என்று சொல்வதற்கு இதுவே போதும்.

ஆண்டுதோறும் காய்வதும் நனைவதுமாக இருந்தால் களிமண்ணின் வலிமையே மெல்ல இளகிப்போகிறது. அதனால்தான் கட்டிப் பல ஆண்டுகள் அசையாமல் நின்ற கரை ஒரு மழையில் திடீரென்று இறங்குகிறது. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றின் வெள்ளக்கரைகளில், நன்றாக ஊதிச் சுருங்கும் கொழுத்த களிமண்ணால் கட்டிய பகுதிகளில், இந்த வகைச் சரிவுகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கின்றன. இவை பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மீட்டர் ஆழத்துக்குள் நடக்கும் மேலோட்டமான சரிவுகள். மேலோட்டம் என்பதால் ஆபத்தில்லை என்று அர்த்தம் இல்லை. முகட்டைக் கடித்துக்கொண்டு போனால் அடுத்த வெள்ளத்துக்குக் கரையின் உயரம் குறைந்துவிடும்.

வெள்ளம் இறங்கும் நேரமும் ஆபத்தானதுதான். ஆறு நிறைந்திருக்கும்போது வெளியே நிற்கும் தண்ணீர் ஆற்றுப்பக்கச் சாய்வை அழுத்திப் பிடித்திருக்கும். ஆறு சடாரென்று இறங்கினால் அந்த ஆதரவு போய்விடும், ஆனால் மண்ணுக்குள் ஊறிய தண்ணீர் அவ்வளவு வேகமாக வெளியேறாது. ஆற்றுப்பக்கம் இறங்குவது பெரும்பாலும் அப்போதுதான். ஊர்ப்பக்கத்துக்கு ஆபத்து ஆறு உயரும்போது. 1953 பிப்ரவரி 1ஆம் தேதி அதிகாலையில் நெதர்லாந்தைத் தாக்கிய கடல் வெள்ளத்தில் 1,800 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே பல கரைகளில், அலை முகட்டைத் தாண்டி வழிந்து, செங்குத்தாக இருந்த உள்பக்க, அதாவது ஊர்ப்பக்கச் சாய்வு ஊறி இறங்கியதிலிருந்துதான் உடைப்பு தொடங்கியது. தண்ணீர் முட்டிய பக்கம் பிழைத்து நிற்க, பின்பக்கம் கரைந்தது. பின்னால் கட்டிய கரைகளில் உள்பக்கத்தை இன்னும் படுக்கையான சாய்வாக அமைத்தார்கள்.

நடந்து பார்ப்பது

மழை விட்டதும் பார்க்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். இருவராகப் போனால் ஒருவர் முகட்டிலும் ஒருவர் ஊர்ப்பக்க அடிவாரத்திலும் நடக்கலாம். மேலிருந்து தெரியாதது கீழிருந்து தெரியும். திரும்பும்போது ஆற்றுப்பக்கம். கையில் டேப், ஒரு மீட்டர் கம்பி, மரக்குச்சிகள், கொஞ்சம் நிறத்துணி, நோட்டு, கைபேசி இருந்தால் போதும். விலை உயர்ந்த கருவி எதுவும் முதல் சுற்றுக்குத் தேவையில்லை. பொறுமைதான் தேவை. காலை அல்லது மாலை சாய்வெயிலில் போனால் மேடுபள்ளங்களின் நிழல் நீண்டு, நடுப்பகலில் தெரியாத புடைப்புகள்கூடத் தெரியும்.

முதலில் தேட வேண்டியது விரிசல். எல்லா விரிசலும் சரிவல்ல, இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். வெயிலில் காய்ந்து வந்த வெடிப்பு வலைபோல ஒழுங்கில்லாமல் ஓடும். இரண்டு ஓரமும் ஒரே மட்டத்தில் இருக்கும். சரிவால் வந்த விரிசலில் ஒரு ஓரம் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கும், ஒரு விரல் அளவாவது. அதன் இரு முனைகளும் கீழ்நோக்கி வளைந்து பிறைபோல நிற்கும். கையை வைத்துத் தடவிப் பாருங்கள், அந்தப் படி விரலுக்குத் தட்டுப்படும். இன்னொரு வகை, கரையின் குறுக்கே ஆற்றுப்பக்கத்திலிருந்து ஊர்ப்பக்கம் நோக்கி ஓடும் விரிசல். அது மெல்லியதாக இருந்தாலும் உடனே சொல்ல வேண்டியது. ஆறு உயர்ந்தால் தண்ணீர் கரையைக் கடந்துபோக அதுவே வழியாகிவிடும்.

விரிசலைக் கண்டதும் கண்ணைக் கீழே ஓட்டுங்கள். மேலே இறங்கிய மண் எங்கேயோ போயிருக்க வேண்டும். அடிவாரத்தில் புடைப்பு இருந்தால் சறுக்குத்தளம், அதாவது பெயர்ந்த மண் வழுக்கி இறங்கிய உள்பரப்பு, அதுவரை ஓடியிருக்கிறது. வேலிக்கம்பங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா? முகட்டின் விளிம்பு நேர்கோடாக ஓடுகிறதா, நடுவில் தொய்கிறதா? மழை விட்டுப் பல நாள் ஆனபின்னும் ஓரிடம் மட்டும் ஈரமாகவோ, சுற்றியுள்ளதைவிடப் பச்சையாகவோ இருக்கிறதா? மிதித்தால் பொதபொதவென்று அமுங்குகிறதா? முகட்டில் வண்டிச்சக்கரத் தடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா? விலங்குகள் தோண்டிய வளை இருக்கிறதா? அடிவாரத்தை ஒட்டி யாராவது பள்ளமோ வாய்க்காலோ வெட்டியிருக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. அடிவாரம்தான் மேலே உள்ள மண்ணுக்கு முட்டு. அதை வெட்டுவது சாய்த்து வைத்த ஏணியின் காலை இழுப்பதற்குச் சமம்.

கசிவைப் பார்த்தால் அதன் நிறத்தைக் கவனியுங்கள். தெளிந்த நீர் கசிந்தால் குறித்துக்கொண்டு கண்காணிக்கலாம். கலங்கலாக வந்தால் தண்ணீர் உள்ளேயிருந்து மண்ணைச் சுமந்துகொண்டு வருகிறது, கரைக்குள் குழி உண்டாகிக்கொண்டிருக்கிறது. ஆறு நிறைந்திருக்கும்போது அடிவாரத்துக்கு அப்பால் தரையில் மணல் கொப்பளித்துச் சிறு கூம்பாகக் குவிந்தால் அதுவும் அதே எச்சரிக்கைதான். இவற்றுக்குக் காத்திருக்க நேரமில்லை, பொறுப்பில் உள்ளவர்களுக்கு அந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும்.

சரிவைக் கண்டால் அளந்து எழுதுங்கள். கரையில் அது எந்தத் தூரத்தில் இருக்கிறது, கரையோடு எத்தனை மீட்டர் நீளம், மேலிருந்து கீழே எத்தனை மீட்டர், படி இறங்கிய உயரம், விரிசலின் அகலம், கம்பியை விட்டால் எவ்வளவு ஆழம் போகிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், விரிசலின் மேல்விளிம்பு முகட்டை எவ்வளவு தின்றிருக்கிறது, மிச்சம் எத்தனை மீட்டர் என்பது. புகைப்படத்தில் கம்பியையோ டேப்பையோ வைத்து எடுங்கள்; அளவு தெரியாத படத்தால் பயனில்லை. பிறகு விரிசலின் இருபுறமும் ஒரு ஜோடிக் குச்சி அடித்து, இடைவெளியை மில்லிமீட்டர்வரை அளந்து, நேரத்தோடு குறியுங்கள். இப்படி மூன்று நான்கு இடத்தில். சில மணி நேரம் கழித்து மறுபடி அளந்தால் சரிவு நின்றுவிட்டதா, இன்னும் நகர்கிறதா என்பது தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், முழுப் பரிசோதனையிலும் இதைவிட மலிவான, இதைவிடப் பயனுள்ள வேலை வேறில்லை.

சரிந்த மண்ணின் மேல் ஏறி நிற்க வேண்டாம். செங்குத்தாக நிற்கும் விளிம்பின் ஓரத்திலும் நிற்க வேண்டாம், அதன் கீழேயும் உட்கார்ந்து பார்க்க வேண்டாம். அந்த முகம் எப்போது இடியும் என்று சொல்ல முடியாது. முகட்டில் அந்தப் பகுதிக்கு வண்டி வருவதையும் தடுத்துவிடுங்கள்.

அன்றைக்கே செய்ய வேண்டியது

நிரந்தரப் பழுதுபார்ப்பு உடனே நடக்காது. ஆறு உயர்ந்திருக்கும்போது ஊர்ப்பக்கச் சாய்வில் தோண்டவே கூடாது. அதுவரை சரிவு பெரிதாகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. மூன்று விஷயங்கள்: மேலே தண்ணீர் புகாமல் தடுப்பது, மேலே பாரம் ஏற்றாமல் இருப்பது, கீழே முட்டுக் கொடுப்பது.

விரிசலுக்கு மேலே, முகட்டுப் பக்கம் தள்ளி, தார்ப்பாயின் மேல் ஓரத்தை மண்ணில் புதைத்து, கீழ்நோக்கி விரித்துவிடுங்கள். மேல் ஷீட்டின் கீழ் ஓரம் அடுத்த ஷீட்டின் மேலே படிய வேண்டும், கூரை ஓடு வேய்வதுபோல. மணல் மூட்டைகளைக் கயிற்றில் கோத்துப் பாயைப் பிடித்து வைக்கலாம். ஆனால் சரிவின் தலைப்பகுதியில் மூட்டைகளை அடுக்காதீர்கள், அது பாரம். முகட்டில் தேங்கிய தண்ணீரை விரிசல் பக்கம் வராமல் சிறு வாய்க்கால் கீறித் திருப்பிவிடுங்கள். ஊர்ப்பக்கத்தில் தண்ணீர் கசிந்து வெளியேறும் இடத்தை மட்டும் பாய் போட்டு மூடக்கூடாது. உள்ளே அடைபட்ட தண்ணீரின் அழுத்தம் ஏறும், பிடி இன்னும் தளரும்.

முட்டு என்பது அடிவாரத்தில் போடும் பாரம். கல், சரளை, பருமணல்போலத் தண்ணீரை வழிய விடும் பொருளாக இருக்க வேண்டும், அடியில் மண் வெளியேறாமல் வடிகட்டும் துணி விரித்து அதன் மேல் போடுவது நல்லது. அடிவாரத்தில் புடைத்து நிற்கும் மண்ணை அசிங்கமாக இருக்கிறதே என்று சீவி எடுத்துவிடாதீர்கள். மேலே உள்ளதை அந்தப் புடைப்புதான் இப்போது தாங்கிக்கொண்டிருக்கிறது. நல்ல எண்ணத்தோடு செய்து கரையை இழக்கும் வேலைகளில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

மணல் கொப்பளிக்கும் ஊற்றைச் சுற்றி மூட்டைகளால் வட்டமாக அணை கட்டுவார்கள். ஊற்றை அடைப்பதற்காக இல்லை. வட்டத்துக்குள் தண்ணீர் மட்டம் உயர உயர ஊற்றின் வேகம் குறையும். தண்ணீர் தெளிந்து வரும் உயரத்தில் நிறுத்திக்கொண்டு, மிஞ்சியதை வழிய விட வேண்டும். முழுக்க அடைத்தால் பக்கத்தில் வேறிடத்தில் கிளம்பும்.

நிரந்தரமாகச் சரிசெய்வது

ஆறு தாழ்ந்து, மண் ஓரளவு காய்ந்தபின் சிறு சோதனைக் குழிகள் தோண்டி, சறுக்குத்தளம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அது கண்ணுக்கே தெரியும் பல நேரம்: மேலே உள்ள குழம்பிய மென்மையான மண்ணுக்கும் கீழே உள்ள கெட்டியான மண்ணுக்கும் நடுவே மினுமினுப்பாக, வழவழவென்று ஒரு பட்டை. பழுதுபார்ப்பின் உயிர் இந்தப் பட்டையில்தான் இருக்கிறது. அதை விட்டுவைத்து மேலே எவ்வளவு நல்ல மண் போட்டாலும், எண்ணெய் தடவிய பலகையின் மேல் மூட்டை அடுக்கியதுபோல்தான்.

அதனால் சரிந்த மண் முழுவதையும் எடுத்து, சறுக்குத்தளத்துக்குக் கீழே கெட்டி மண்ணுக்குள்ளும் கொஞ்சம் போக வேண்டும். பக்கங்களிலும் சரிவின் எல்லையைத் தாண்டி நல்ல மண் வரும்வரை. முழு நீளத்தையும் ஒரேயடியாகத் திறந்து வைக்கக்கூடாது. ஒரு துண்டைத் தோண்டி, நிரப்பி முடித்து, அடுத்த துண்டுக்குப் போவதுதான் பாதுகாப்பு. மழை வரும் அறிகுறி இருந்தால் தோண்டவே வேண்டாம். தோண்டிய முகத்தைச் சாய்வாக விடாமல் படிப்படியாக வெட்ட வேண்டும். புது மண்ணும் பழைய மண்ணும் ஒன்றையொன்று கவ்விக்கொள்வது அந்தப் படிகளில்தான். சாய்வாகவே விட்டால் நாமே புதிதாக ஒரு சறுக்குத்தளம் செய்துகொடுத்ததாகும்.

எடுத்த மண்ணையே திரும்பப் போடலாமா? அப்படியே போட்டால் சில ஆண்டில் அதே கதை. மண்ணைச் சோதித்து, கொழுத்த களிமண் என்று தெரிந்தால் ஒன்று அதை மாற்ற வேண்டும், இல்லையென்றால் சுண்ணாம்பு கலக்க வேண்டும். எடையில் ஒரு சில சதவீதம் சுண்ணாம்பு கலந்தாலே அந்தக் களிமண் ஊதிச் சுருங்குவது குறைந்து, பிசுபிசுப்பு போய், வலிமை ஏறும். எவ்வளவு என்பதை ஆய்வகச் சோதனைதான் சொல்ல வேண்டும், கைக்கணக்கில் போடக்கூடாது. சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் புண்ணாக்கும் என்பதால் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

அப்புறம் நிரப்புவது. 20 முதல் 30 சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு அடுக்கு மண் பரப்பி, கெட்டித்து, மேற்பரப்பைக் கீறிவிட்டு, அடுத்த அடுக்கு. கீறாமல் விட்டால் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே தண்ணீர் வழி பிடிக்கும். களிமண்ணுக்கு ஆட்டுக்கால் ரோலர் ஏற்றது. அதன் குமிழ்கள் மண்ணைக் குத்திப் பிசைந்து கெட்டிப்படுத்தும். சின்ன இடத்தில் எந்திரத் திமிசு போதும். ஈரம் அளவாக இருக்க வேண்டும். மிகக் காய்ந்த மண் கட்டிகட்டியாக நிற்கும், மிக நனைந்தது ரோலருக்கு அடியில் ரப்பர்போல் அலைபாயும். இரண்டுக்கும் நடுவே மண் மிக அதிகமாக அடர்ந்து அமரும் ஈர அளவு ஒன்று இருக்கிறது. அதைக் கண்டறியும் சோதனையை 1933இல் வெளியிட்டவர் ரால்ஃப் பிராக்டர் என்ற பொறியாளர், இன்றும் அது அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. அந்தச் சோதனையில் கிடைக்கும் உச்ச அடர்த்தியில் 95 சதவீதமாவது கரையில் கெட்டித்த மண்ணில் வர வேண்டும் என்பது பரவலாகக் கேட்கப்படும் அளவு. ஒவ்வொரு அடுக்கையும் சோதித்தபின் அடுத்தது. இங்கே அவசரப்பட்டால் இதுவரை செய்தது எல்லாம் வீண்.

இடம் இருந்தால் சாய்வைக் கொஞ்சம் படுக்க வையுங்கள்: 1:2 இருந்தது 1:3, அல்லது 1:4. ஊர்ப்பக்க அடிவாரத்தில் வடிகட்டும் மணலும் சரளையும் கொண்ட வடிகால் அமைத்தால் உள்ளே ஊறும் தண்ணீர் அழுத்தம் ஏறுமுன் வெளியேறிவிடும். என் கருத்தில், இடமும் பணமும் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் தண்ணீருக்கு வழிவிடும் வேலையைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

சிறு விரிசல்களுக்கு இவ்வளவு தேவையில்லை. விரிசலை ஒட்டி அதன் அடிவரை தோண்டி, அதே வகைக் களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டுத் திமிசால் கெட்டிக்க வேண்டும். மணலைக் கொட்டி நிரப்பினால் தண்ணீருக்குக் குழாய் வைத்ததுபோல் ஆகிவிடும். சிமெண்ட் கலவை ஊற்றினால் பக்கத்து மண் சுருங்கும்போது அதன் ஓரத்திலேயே புது விரிசல் திறக்கும்.

மேலே அடர்ந்து வேர்பிடிக்கும் புல் வளர்க்க வேண்டும். மழைத்துளி மண்ணைக் கரைக்காமல் காப்பதோடு, குட்டையாக வெட்டிப் பராமரித்தால் அடுத்த முறை விரிசல் கண்ணுக்கும் தெரியும். புதர் மூடிய கரையில் எதையும் பார்க்க முடியாது. மரம் வேண்டாம், காற்றில் வேரோடு சாய்ந்தால் கரையில் பெரிய குழி விழும், பட்டுப்போன வேர் தண்ணீருக்கு வழியாகும்.

வறட்சியிலும் நடந்து பாருங்கள். 2003 ஆகஸ்டில் நெதர்லாந்தின் வில்னிஸ் ஊரில் கால்வாய்க் கரை ஒன்று இடம்பெயர்ந்து உடைந்தது, நீண்ட வறட்சிக்குப் பின். அது கரிமப்பொருள் நிறைந்த பீட் மண்ணால் ஆனது. காய்ந்து எடை குறைந்ததும் கால்வாய்த் தண்ணீரின் தள்ளலைத் தாங்கவில்லை. களிமண் கரைக்கு அப்படி நேராவிட்டாலும், மழைக்கால விரிசல்களின் விதை அந்த வறண்ட மாதங்களில்தான் விழுகிறது.

பழுதுபார்த்த இடத்துக்கு அடுத்த இரண்டு மூன்று பெருமழைகளுக்குப் பின் திரும்பப் போக வேண்டும். நடுவைவிட ஓரங்களைக் கவனியுங்கள், புது மண் பழைய மண்ணைத் தொடும் கோட்டில்தான் தண்ணீர் முதலில் நுழையும். இருபுறமும் ஐம்பது நூறு மீட்டர் கூடுதலாக நடந்து பாருங்கள். அங்கேயும் அதே மண், அதே சாய்வு, அதே வயது. பழைய நோட்டில் எழுதிய அளவுகளைக் கையோடு கொண்டுபோய், குச்சிகள் அடித்த இடங்களில் மறுபடி அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே புது எண்ணை எழுதி வையுங்கள்.